உள்ளேயிருந்து ஒரு ‘வரேன்’

பல்லக்காவின் பெயர் பறிபோனது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். பறித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் பாட்டுக்கு டாக்டரையும் அவர் மனைவியையும் கரித்துக்கொட்டிக்கொண்டே கதை கேட்பீர்கள். இரண்டு பேருமே தங்கமான மனிதர்கள். தங்கமான மனிதர்கள் செய்துவிட்ட காரியத்துக்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது, அதுதான் சங்கடம்.

அவர் பல் டாக்டர். மாடியில் வீடு, கீழே கிளினிக். கிளினிக் என்றதும் கண்ணாடிக் கதவு, ஏசி என்று கற்பனையை ஓட்ட வேண்டாம். முன்னறையில் சில பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, மேஜைமேல் ஃபோன். உள்ளறையில் அந்தப் பெரிய சாய்வு நாற்காலியும் தலைக்கு மேலே விளக்கும். முன்னறை மேஜை டாக்டர் மனைவியின் ராஜ்ஜியம். அவரை எல்லோரும் வீட்டம்மா என்பார்கள். யார் உள்ளே போகலாம், யார் காத்திருக்க வேண்டும், யார் பயத்தில் நைசாக நழுவப் பார்க்கிறார்கள், எல்லாம் அவர் பொறுப்பு. உள்ளறையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கவும், எச்சில் உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்கவும், பல் செட்டுக்கு அச்சு எடுக்கப் பிளாஸ்டர் குழைக்கவும் ஒரு பெண் வேண்டும். முன்பிருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த இடத்துக்குத்தான் இவள் வந்தாள். அப்போது மீசை அரும்புகிற பையன்கள்கூட இவளைப் பார்த்து ‘தங்கச்சி’ என்று கூப்பிடலாம் போல அவ்வளவு சின்னதாக இருப்பாள்.

டாக்டருக்கு ஒரு பழக்கம். வேலையில் இறங்கிவிட்டால் நோயாளியின் வாயை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். இடது கையைப் பின்னால் நீட்டுவார், உதவிக்கு நிற்கிற பெண்ணின் பெயரைச் சொல்வார், அவ்வளவுதான். குறடு கொடு, பஞ்சு கொடு என்றெல்லாம் கிடையாது. பெயரைச் சொல்கிற தோரணையிலேயே என்ன வேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும். வெட்டிச் சொன்னால் குறடு. இழுத்துச் சொன்னால் பஞ்சு. அலுப்பாகச் சொன்னால், இந்த ஆள் வாயை மூடிக்கொண்டே இருக்கிறான், கொஞ்சம் பேச்சுக் கொடு என்று அர்த்தம். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் கிளினிக் அப்படித்தான் ஓடியது.

இப்போது பாருங்கள் கூத்தை. புதிதாக வந்த பெண்ணுக்கும் வீட்டம்மாவுக்கும் ஒரே பெயர்.

ஒருநாள் ஒரு கனத்த மனிதருக்கு அச்சு எடுத்துக்கொண்டிருந்தார் டாக்டர். அந்த மனிதரின் வாய் நிறையப் பசை. டாக்டர் கையை நீட்டிப் பெயரைச் சொன்னார். இவள் பிளாஸ்டர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். முன்னறையிலிருந்து வீட்டம்மா ஃபோனை அப்படியே போட்டுவிட்டு, என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். வந்த வேகத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் மோதிக்கொண்டார்கள். கிண்ணம் பறந்து போய் அந்த மனிதரின் மடியில் கவிழ்ந்தது. வாயில் பசையோடு அவரால் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. மடியில் கொட்டிய பிளாஸ்டர் அதுபாட்டுக்குக் கல்லாக இறுகிவிட்டது. கிளினிக்கை விட்டுப் போகும்போது மனிதர் முட்டியை மடக்காமல் நடந்து போனார்.

அன்று கதவைச் சாத்தியபின் மூன்று பேரும் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் டாக்டர், ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் என்றைக்காவது குறடு மாறி எவன் நாக்கையாவது பிடுங்கிவிடப்போகிறேன் என்றார். ஒருவர் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். யார் மாற்றிக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வழி சொன்னது வீட்டம்மாதான்.

“புதுசா ஒண்ணு தேடுவானேன்? முன்ன இருந்த பொண்ணு பேரையே இவளும் வச்சுக்கட்டும். உங்க வாய்க்கும் அதுதான் பழக்கம்.”

டாக்டர் சரி என்றார். இவளும் தலையாட்டினாள். காலையில் கிளினிக்கில் மாட்டிக்கொள்கிற ஏப்ரன் மாதிரி, சாயங்காலம் கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிடலாம் என்று நினைத்தாள், பாவம். பெயர் அப்படிக் கழன்று வரவில்லை. மறுநாளே பால்காரர் அப்படிக் கூப்பிட்டார். பிறகு மருந்துக் கடைக்காரர், பிறகு வாசலில் செருப்பைக் கழற்றுகிற நோயாளிகள் எல்லோரும். தெருப் பிள்ளைகள் மட்டும், பல் தேய்க்கவில்லையென்றால் டாக்டரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று அவள் மிரட்டியதால், பல்லக்கா என்று வைத்தார்கள். அது அப்படியே தெரு முழுக்க ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் ஒருத்தி விட்டுப்போன பெயர், வெளியே பிள்ளைகள் வைத்த பெயர். சொந்தப் பெயர் மாடியில் வேறொருத்திக்கு இருந்தது.

விட்டுப்போன பெயரோடு விட்டுப்போன குணமும் வந்து சேர்ந்தது. முன்பிருந்த பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாளாம். கூப்பிடுவதற்குள் வந்து நிற்பாளாம். இருக்கிற இடமே தெரியாதாம். வீட்டம்மா நாளைக்கு நாலு தடவை சொல்வார். இவள் ஊரில் இருந்தவரை வாயாடி, தாயோடு சரிக்குச் சரி வாயடிப்பவள். அந்தப் பெயரை மாட்டிக்கொண்டபின் குரலைத் தணித்தாள், நடையைத் தணித்தாள், கொஞ்ச நாளில் இருக்கிற இடம் தெரியாமல் போனாள். பல வருஷம் கழித்து அந்தப் பழைய பெண் கடைவாய்ப்பல் வலி என்று வந்தாளே, அப்போது பார்க்க வேண்டும். ஆஜானுபாகுவாக, முன்னறையில் நுழையும்போதே சத்தம் போட்டுக்கொண்டு, காத்திருக்கச் சொன்னதற்கு வீட்டம்மாவோடு ஒரு சண்டை, ஊசி வலித்ததற்கு டாக்டரோடு இன்னொரு சண்டை. இங்கே வேலை பார்த்த நாளிலும் அவள் அப்படித்தானாம், டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். வீட்டம்மா சொன்னதெல்லாம் இவளை அடக்கிவைக்க அவிழ்த்துவிட்ட கதை. பல்லக்கா எச்சில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலகத்தில் இல்லவே இல்லாத ஒருத்தியைப் போல இருக்கத்தான் இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் பழகிவிட்டது. குரலை உயர்த்திப் பார்த்தாள், வரவில்லை.

ஊரிலிருந்து தாய் எப்போதாவது ஃபோன் செய்வாள். முன்னறை ஃபோன் அல்லவா, எடுப்பது வீட்டம்மா. தாய் மகளின் பெயரைச் சொல்லிக் கேட்பாள். வீட்டம்மா கம்பீரமாக, நான்தான் பேசறேன் என்பார். உடனே தாய் பிடித்துக்கொள்வாள். ஏண்டி, உனக்கு என்ன கொழுப்பு, மாசக்கணக்கா ஒரு ஃபோன் உண்டா, பெத்தவ ஒருத்தி இருக்கான்னு நெனப்பு இருக்கா என்று மூச்சுவிடாமல் விளாசுவாள். வீட்டம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, ஃபோனை இவளிடம் கொடுப்பார். உனக்கு விழவேண்டிய திட்டையெல்லாம் நான் வாங்கிக்கறேன், எனக்கு என்ன தருவே என்பார். இவளும் சிரிப்பாள். உள்ளே மட்டும் ஒரு சின்ன வயிற்றெரிச்சல். அந்தத் திட்டு அவளுக்கு வந்தது. அதையும் வீட்டம்மா வாங்கிக்கொண்டுவிட்டார்.

தாய் போய்ச் சேர்ந்தபின் அந்த ஃபோனும் நின்றது. தகப்பனோ கூடப்பிறந்தவர்களோ யாரும் கிடையாது. அவளை அந்தப் பெயரில் கூப்பிட இனி ஆள் இல்லை.

ஆனால் பெயர் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. அதுதான் வேதனை. டாக்டர் மாடிப்படியில் நின்று மனைவியைக் கூப்பிடுவார். எதிர்வீட்டு டீச்சர் தன் பால்கனியில் நின்று, தெருவைத் தாண்டி வீட்டம்மாவைக் கூப்பிடுவார். அந்த டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் குரலுக்கு ஓய்வு கொடுக்காதவர், நாலு வீடு கேட்கும். ஒவ்வொரு தடவையும் பல்லக்காவின் கழுத்து தானாகத் திரும்பும். திரும்பித் திரும்பி அசடு வழிந்து, கடைசியில் கழுத்தை அடக்கக் கற்றுக்கொண்டாள். பெயர் காதில் விழும், உடம்பு அசையாது. அதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று அவளுக்கே தெரியாது.

அசையாமல் நின்றபடி வேடிக்கை பார்க்கப் பழகினாள். அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு ஒருத்தி எப்படியெல்லாம் இருக்கலாம் என்று வீட்டம்மாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சத்தமாகச் சிரிக்கலாம். பிடிக்காததைத் தட்டோடு தள்ளிவிடலாம். கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு, ஒருமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காதது போல டீ கேட்கலாம். புருஷன் கூப்பிடும்போது, இப்ப முடியாது, அப்புறம் வரேன் என்று உள்ளேயிருந்தே சொல்லலாம். நம் பேரும் அதுதானே, நாமும் இப்படி ஆகியிருப்போமோ என்று பாத்திரம் துலக்கும்போது யோசிப்பாள். யோசித்து என்ன செய்வது. துலக்கி முடித்துக் கவிழ்த்துவைப்பாள்.

டாக்டருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கிளினிக்கை மூடினார்கள். நாற்காலியை யாரோ வந்து வாங்கிப் போனார்கள். பல்லக்கா மாடிக்கு வந்து வீட்டு வேலை பார்த்தாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, போக அவளுக்கும் இடமில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் வீட்டம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. பல்லக்கா தன் தாய்க்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். அதிலும் பொய்யில்லை. இத்தனை வருஷம் திட்டையும் சிரிப்பையும் பங்கு போட்டுக்கொண்டவர் அல்லவா.

வீடு ஓய்ந்துபோனது. டாக்டர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், மாத்திரை கொடுத்தால் விழுங்குவார். அந்தப் பெயர் வீட்டுக்குள் அடியோடு நின்றுபோயிற்று. எதிர்வீட்டு டீச்சர்கூட பால்கனிக்கு வந்து, வாயைத் திறந்து, ஞாபகம் வந்து, மூடிக்கொண்டு உள்ளே போவதைப் பல்லக்கா ஒருநாள் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. வந்ததும் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பெயர் இப்போது காலியாகத்தானே இருக்கிறது.

இதற்கிடையில் டாக்டரின் மகளிடமிருந்து தகவல் வந்தது. ஒரே மகள், தூர தேசத்தில் குடும்பத்தோடு இருப்பவள். அப்பாவை இனி தனியாக விடமுடியாது, மாசக் கடைசியில் வந்து கையோடு அழைத்துப் போகிறேன், வீட்டை விற்றுவிடலாம் என்றாள். நீ எங்களுக்குச் செய்ததை மறக்க மாட்டோம், உனக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போவேன் என்று பல்லக்காவிடமும் பிரியமாகச் சொன்னாள், அந்த இரவல் பெயரைச் சொல்லி. அந்த மகளுக்கு வேறு பெயர் எதுவும் தெரியாது. அவள் பிறக்கும்போதே இவள் அந்தப் பெயரில்தான் இருந்தாள்.

ஃபோனை வைத்தபின் பல்லக்கா அப்படியே நின்றாள். ஒரு விஷயம் அவளுக்குப் பட்டது. தன் பெயர் இன்னதென்று தெரிந்த மனிதர் உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்தர்தான் மிச்சம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் அழைத்துப் போய்விட்டால், அந்தப் பெயரில் ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல நாதியில்லை. போவதற்குள் ஒரே ஒரு தடவை அவர் அவளை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் போதும். வேறொன்றும் வேண்டாம். இதைப் போய் ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால், இவளுக்கு என்ன ஆயிற்று என்றுதானே நினைப்பார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் சமையலறையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து டாக்டரின் குரல், பழைய தெம்போடு, அந்தப் பெயரைச் சொல்லி, என் கண்ணாடி எங்கே என்று கேட்டது. அவளுடைய அடக்கிவைத்த கழுத்து, அத்தனை மாதம் வேலையில்லாமல் இருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு ஏமாந்துவிட்டது.

“வரேன்,” என்றாள். ஈரக்கையோடு கூடத்துக்கு ஓடிவந்தும் விட்டாள்.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. உன்னைக் கூப்பிடவில்லை, வாய் தவறி வந்துவிட்டது என்று முணுமுணுத்தார். அவள் போயிருக்கலாம். போகவில்லை. கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றாள்.

“என் பேரும் அதுதான் டாக்டர்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பிளாஸ்டர், அந்தக் கனத்த மனிதர், முட்டி மடங்காமல் அவர் நடந்துபோனது, ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தது. மனைவி போனபின் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவளை இனிமேல் அந்தப் பேரைச் சொல்லியே கூப்பிடலாமா, அவளுக்கு ஒன்றும் வருத்தம் இல்லையே என்றார். அவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். தலையை மட்டும் ஆட்டினாள். சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. டாக்டர் எதற்கெடுத்தாலும் கூப்பிட்டார். மருந்துக்கு, தண்ணீருக்கு, மணி கேட்பதற்கு, சும்மாவும்கூட. அவள் ஒவ்வொரு தடவையும் வரேன் என்று சொல்லிக்கொண்டு ஓடினாள். அவளுடைய நடையில் சத்தம் வந்தது. ஒருநாள் சூப்பில் உப்பில்லை என்று அவர் சொன்னதற்கு, இருக்கு, உங்க நாக்குதான் செத்துப்போச்சு என்று பதிலுக்குச் சொல்லிவிட்டு, தானே திகைத்துப்போனாள். காய்கறி வாங்கும்போது கடைக்காரரோடு பேரம் பேசினாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அவள் ஒன்றைக் கவனித்துவிட்டாள். கவனிக்காமல் இருந்திருக்கலாம். டாக்டர் கூப்பிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். அவள் வந்து முன்னால் நின்றதும் கண்ணைத் திறக்கிறார், திறந்ததும் அந்த முகத்தில் ஏதோ ஒன்று அணைகிறது. புத்தி பிசகவில்லை அவருக்கு. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். டீயை வைத்துவிட்டுத் திரும்பியவளை நிறுத்தினார். முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நான் கூப்பிட்டா உள்ளேருந்து ‘வரேன்’னு மட்டும் சொல்லும்மா. வர வேணாம்.”

அவள் சரி டாக்டர் என்றாள். வேறென்ன சொல்வாள்? வீட்டம்மா அப்படித்தானே சொல்வார், இப்ப முடியாது, அப்புறம் வரேன் என்று. அந்தக் குரலுக்குத்தான் அவர் காது ஏங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார், அவள் சமையலறையில் நின்றபடி வரேன் என்றாள், போகவில்லை. அவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொள்வது அங்கிருந்தே தெரியும். இப்படியும் ஒரு கொடுமை உண்டா? வாழ்நாள் முழுக்க யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தவளை, கூப்பிட்டபின் வராதே என்கிறார்கள். அவரைக் குற்றம் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. அந்தக் குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. அது தனக்கு இல்லை என்பது தெரிந்தும், அடுத்த தடவை எப்போது கூப்பிடுவார் என்றே அவள் காதும் காத்திருந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மகள் வந்துசேர்வதற்கு முந்தின நாள். பெட்டிகள் கட்டி வைத்தாயிற்று. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார். பல்லக்கா வரேன் என்று சொன்னாள், சொன்னபடி வந்தாள். அவர் காலடியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“டாக்டர், கண்ணைத் திறந்து ஒரு தடவை கூப்பிடுங்க. என்னைப் பார்த்து.”

அவர் கண்ணைத் திறந்தார். ஒன்றும் புரியாதவர் போலப் பார்த்தார்.

“நீங்க போயிட்டா என் பேரு தெரிஞ்சவங்க யாருமே இல்ல. எங்கம்மா போனப்புறம் நீங்க ஒருத்தர்தான். வீட்டம்மாவை நினைக்காம, எனக்குன்னு ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க.”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், அவள் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பார்த்தார். அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். உதடு குவிந்தது. முதல் எழுத்து வந்தது, அதோடு நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார். அதே எழுத்தில் மறுபடி நின்றது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“முடியலம்மா. கண்ணைத் திறந்தா நீதான் தெரியற. நீ தெரிஞ்சா அந்தப் பேரு வர மாட்டேங்குது.”

சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பிருந்த பெண்ணின் பெயரைச் சொல்லி, என்னை மன்னிச்சுக்கோ என்றார். அது தடையே இல்லாமல் வந்தது. அவர் அவளைத்தான் பார்த்தார், அவளிடம்தான் மன்னிப்புக் கேட்டார், அதில் சந்தேகமே இல்லை. சொன்ன பெயர்தான் அவளுடையது இல்லை.

பரவாயில்லை டாக்டர் என்றாள் பல்லக்கா. போர்வையைச் சரிசெய்துவிட்டு, முக்காலியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு அவர், அனுமதி கேட்கிற மாதிரி மெல்ல, ஒரு தடவை கூப்பிட்டார். அவள் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றாள். அவருக்கும் இதைவிட்டால் என்ன இருக்கிறது என்று தோன்றியது. துணியை எடுத்துவிட்டு, வீட்டம்மா சொல்கிற மாதிரியே கொஞ்சம் அலட்சியமாக, வரேன் என்றாள்.

மறுநாள் மகள் வந்தாள். அவளோடு ஒரு பெரிய கார் வந்தது. மகள் பல்லக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சொன்னபடி அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள், வேறொரு நல்ல வீட்டில் வேலைக்கும் சொல்லிவைத்திருந்தாள். சாவியை மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார்கள், அதுவரை இங்கேயே இரு என்றாள். டாக்டர் காருக்குள் உட்கார்ந்தபின் கண்ணாடியை இறக்கச் சொன்னார். பல்லக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார். அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மகள், நேரமாச்சுப்பா என்றாள். கார் கிளம்பிவிட்டது.

மேஜை நாற்காலிகளை வாங்கினவர்கள் வந்து தூக்கிப் போனபின் வீட்டில் ஒரு சாமான் இல்லை. பல்லக்கா கூடத்தைக் கூட்டினாள், கூட்டினதையே மறுபடி கூட்டினாள். டாக்டரின் நாற்காலி இருந்த இடத்தில் போய் நின்றாள். சமையலறைப் பக்கம் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். குரல் கம்மிப்போய் வந்தது. அடுத்த தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தடவை அடிவயிற்றிலிருந்து, தாய் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காலி வீட்டில் அது சுவருக்குச் சுவர் மோதியது. சமையலறையிலிருந்து பதில் சொல்ல ஆளில்லை.

தெருவுக்கே கேட்டிருக்க வேண்டும். எதிர்வீட்டு டீச்சர் மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டார்.

“யாரைக் கூப்பிடறீங்க பல்லக்கா?”

“என்னைத்தான் டீச்சர். அது என் பேரு.”

டீச்சர் அவளையே பார்த்தார். காலி கூடத்தைப் பார்த்தார், அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். அவருக்கு முகமெல்லாம் இளகிப்போயிற்று. கிட்டே வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். எத்தனை வருஷம் ஒன்றாக இருந்தீர்கள், மனசு கேட்காதுதான், ஆனால் போனவர்களைக் கூப்பிட்டால் வருவார்களா, அந்தம்மா புண்ணியவதி, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று முதுகைத் தடவிக்கொண்டே ஆறுதல் சொன்னார். அந்தப் பெயரையும் நடுநடுவே அருமையாகச் சொன்னார், செத்துப்போனவரை நினைத்து. இல்லை டீச்சர் என்று சொல்ல பல்லக்கா தலையைத் தூக்கப் பார்த்தாள். டீச்சர் விடவில்லை, இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். அவளை யாராவது அப்படி அணைத்துக்கொண்டு எவ்வளவு காலமாகிவிட்டது. அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுதாள். வீட்டம்மாவை நினைத்துத்தான் அழுகிறாள் என்று டீச்சரும் கூடச் சேர்ந்து அழுதார்.